ஒரு பகலுக்குச் சயாம்

ஈப்போ

பேராக் மாநிலத்தவரிடம் தாய்லாந்து என்று சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பாங்காக் இல்லை, பெத்தோங்தான். ஈப்போவில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாடு பெத்தோங்கில், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சீனர்கள் கோழிக்காகவும் வெந்நீர் ஊற்றுக்காகவும் போகிறார்கள். மலாய்க்காரர்கள் துணிமணி வாங்கப் போகிறார்கள். தமிழர்கள் எதற்குப் போகிறார்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். "சும்மா போயிட்டு வரத்தான்" என்றார்.

என் தாத்தாவின் தம்பி முசிறிப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் போய் ரஜூலா கப்பலேறியவர். அவருடைய பேரன்தான் இந்த அண்ணன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஈப்போவின் புந்தோங் பகுதியில் குடியிருக்கிறார். கச்சாங் பூத்தே என்று மலேசியா முழுவதும் விற்கிற முறுக்கு, பக்கோடா, மசாலாக் கடலை வகைகளுக்குப் பேர்போன இடம் அது. காலையில் தெருவில் நடந்தால் எண்ணெய்ச் சட்டியின் மணம் கூடவே வருகிறது. அண்ணி வழிக்கென்று கட்டிக்கொடுத்த பொட்டலங்கள் ஒரு கல்யாணப் பந்திக்குக் காணும்.

மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஊர் நடுவே ஒரு பாறை நிற்பது அதிசயமில்லை. ஈப்போவில் ஊரைச் சுற்றி நாலாபுறமும் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. பலவற்றின் வயிற்றில் குகை, குகைக்குள் கோயில். புத்தருக்குச் சில, சீனத் தெய்வங்களுக்குச் சில. குனோங் சீரோ மலையடியில் முருகன் இருக்கிறார். தைப்பூசத்தன்று மாநிலத்துத் தமிழர்களில் பாதிப்பேர் இந்தக் கல்லுமலைக் கோயிலில்தான் இருப்பார்கள் என்றார் அண்ணன். இந்தக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தில்தான் ஊரே எழுந்தது. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. பணக்காரர்கள் கட்டிவைத்த கடைவீடுகளில் இப்போது வெள்ளைக் கோப்பி விற்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அதற்காக அரைமணி நேரம் வரிசையில் நிற்கவேண்டுமா என்பது வேறு விஷயம்.

பெத்தோங் யோசனை எழுந்ததும் எனக்கு ஒரு பயம் வந்தது. 2023 டிசம்பர் முதல் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு மலேசியா விசா கேட்பதில்லை. வந்திறங்கியதும் முப்பது நாள் தங்க முத்திரை குத்துகிறார்கள். தாய்லாந்தும் அதற்குச் சற்று முன், அதே ஆண்டு நவம்பரில் விசாவைத் தளர்த்தியது. ஆகவே போவதில் சிக்கலில்லை. போனபின் என் முப்பது நாள் என்னவாகும்?

இதற்குச் சரியான பதில் தெரிந்தவர் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை சுடுகிறவர். சிவகங்கைப் பக்கத்து இளைஞர். "வெளிய கால் வச்சதும் அந்தப் பாஸ் செத்துடும்ணே. திரும்பி வர்றப்ப புதுசாத்தான் கேக்கணும். குடுக்கிறதும் குடுக்காததும் கவுண்டர்ல உக்காந்திருக்கிறவங்க பாடு." ஒருமுறை மட்டும் நுழையலாம் என்ற விசாவில் வந்தவர்கள் வெளியேறினால் அத்தோடு சரி. வேலைக்கோ படிப்புக்கோ நீண்டகாலப் பாஸ் எடுத்து, பலமுறை போய்வர அனுமதியும் உள்ளவர்களுக்குக் கவலை கிடையாது, பாஸ் அப்படியே உயிரோடு இருக்கும். என்னைப்போல் சுற்றிப்பார்க்க வந்தவனுக்கு ஒரு முத்திரை போய் இன்னொன்று வரும். இதையே தொழிலாக வைத்துக்கொண்டு மாதாமாதம் எல்லையைத் தொட்டுத் திரும்புகிறவர்களை இப்போது இரண்டு பக்கமும் நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள் என்றும் எச்சரித்தார்.

"நீங்க போயிருக்கீங்களா?"

"எங்கணே? பாஸ்போட்டு முதலாளிகிட்ட இருக்கு." தோசையைத் திருப்பிப் போட்டார்.

சுங்கை சிப்புட்

நெடுஞ்சாலையை விட்டுவிட்டு அண்ணன் பழைய சாலையில் வண்டியைத் திருப்பினார். சுங்கை சிப்புட்டைத் தாண்டிப் போகும் தமிழன் அங்கே இறங்காமல் போகக்கூடாது என்பது அவர் கட்சி. துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். மலேசியாவின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், மலேசிய இந்தியக் காங்கிரசான ம.இ.கா.வின் தலைவராக 1955 முதல் 1973 வரை இருந்தார். அவர் குடும்பத்தின் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் பிள்ளைகள் சத்தத்தோடு நடக்கிறது. அண்ணன் அதன் வாசலில் நின்று, பழைய ஆசிரியர் பழக்கத்தில், மைதானத்தில் ஓடிய ஒரு பையனிடம் காலணிக் கயிற்றைக் கட்டச் சொன்னார். பையன் கட்டினான்.

ஐம்பதுகளின் முடிவில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கின. சம்பந்தன் லயம் லயமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1960-இல் அதைத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமாக்கி, அந்தப் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார். பால் எடுக்க மரம் வெட்டியவனே மரத்துக்குப் பங்காளியான அபூர்வமான கதை. ஆனால் விற்கப்பட்ட எல்லாத் தோட்டத்தையும் எந்தச் சங்கத்தாலும் வாங்கிவிட முடியாது.

ஊரைவிட்டு உள்ளே போனால் இருபுறமும் செம்பனை. நான் மனத்தில் வைத்திருந்த ரப்பர்த் தோட்டம், அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' படித்த வயதில் உண்டானது. வரிசையாக மெலிந்த மரங்கள், பட்டையில் சாய்வான வெட்டு, அடியில் பால் வடியும் மங்கு. அது எங்கே என்று தேடினேன். வீட்டுக்குப் பக்கத்தில் யாரோ விட்டுவைத்த பத்துப் பதினைந்து மரங்களை அண்ணன் காட்டினார். வெட்டு ஆறி, தழும்பு தடித்துக் கிடந்தது. பால்மரத்துக்குக் கீழே வெளிச்சம் விழும். செம்பனைக்குள் நண்பகலிலும் இருட்டு. குலை வெட்ட இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் வந்துவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவிலும் பினாங்கிலும் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள், சிலர் சிங்கப்பூரில்.

பழைய லயத்தில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. மாரியம்மன் கோயில் புதிதாக வண்ணம் பூசி, லயத்தைவிடப் பெரிதாக நிற்கிறது. அங்கேதான் அண்ணனுடைய அத்தையைப் பார்த்தோம். சொந்த அத்தை இல்லை. அண்ணனின் அப்பாவும் இந்த அம்மாவின் அண்ணனும் காலையில் ஆளெண்ணும் ஒரே பிரட்டுக் களத்தில் நின்றவர்கள், அதனால் அத்தை. எழுபத்தைந்தைத் தாண்டியவர். நாற்பது வருஷம் மரம் வெட்டிய கை. விடியுமுன் நாலரை மணிக்கு விழிப்பு இன்றும் தானாக வந்துவிடுகிறதாம். "எந்திரிச்சு என்ன பண்றது சாமி? உக்காந்திருப்பேன்."

பெத்தோங் போகிறோம் என்றதும் சிரித்தார். "கோயில் பொம்பளைங்க எல்லாம் போன வருஷம் வேன் புடிச்சுப் போனாங்க. சியாம்ல பெரிய தபால்பெட்டி இருக்காம்ல? படம் காட்டினாங்க." நீங்கள் போகவில்லையா என்று கேட்டுவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது. அத்தை உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதற்குள் சிவப்பு ஐசி, அடையாள அட்டை.

மலேசியாவில் குடிமகனுக்கு நீல அட்டை. நிரந்தரமாக வசிக்கலாம், ஆனால் குடிமகன் இல்லை என்பவருக்குச் சிவப்பு. ஓட்டு கிடையாது. மலேசியக் கடவுச்சீட்டும் கிடையாது. அத்தை பிறந்தது இதே தோட்டத்தில். அவர் கணவருக்கு நீலம், பிள்ளைகளுக்கு நீலம், பேரப்பிள்ளைகளுக்கும் நீலம். 1957 ஆகஸ்டு 31-க்குப் பின் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சில ஆண்டுகள் குடியுரிமை தானாகவே கிடைத்தது. அதற்கு முன் பிறந்தவர்களோ மனுப்போட்டு, மலாய்மொழி பேசிக்காட்டி வாங்கவேண்டும். அப்பா மனுப்போடவில்லை. ஊருக்குத் திரும்பிவிடப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். 1969-க்குப் பின் குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தபோது தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நிஜமாகவே கப்பலேறினார்கள். அத்தையின் அப்பா அதற்குள் லயத்துக்குப் பின்னால் உள்ள சுடுகாட்டுக்குப் போய்விட்டார்.

இந்த அட்டைக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட்டின் எல்ஃபில் தோட்டத்துத் துரையைக் கம்யூனிஸ்டுகள் அவர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இரண்டு வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். அதோடு மலாயாவில் அவசரகாலம் தொடங்கி 1960 வரை நீடித்தது. காட்டில் இருப்பவன் யார், ஊரில் இருப்பவன் யார் என்று பிரித்தறிய, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் புகைப்படமும் கைரேகையும் பதித்த அட்டை கொடுத்தார்கள். இன்று மலேசியர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் ஐசி அப்படிப் பிறந்ததுதான். தோட்டத் தொழிலாளிகளை முள்வேலிக்குள் ஒன்றுசேர்த்து, அரிசியை அளந்து கொடுத்த காலம் அது. அத்தை பிறந்ததும் அந்த வேலிக்குள்தான். பிரசவம் பார்த்தவர் தோட்டத்து மருத்துவச்சி. போய்ப் பதியவேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

கோலகங்சார்

அரச நகரம். உபுடியா பள்ளிவாசலின் பொற்கூரையைக் கார்க் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு நேராக மாவட்ட அலுவலகத்துப் பக்கம் போனோம். அங்கே வேலிக்குள் ஒரு கிழட்டு ரப்பர் மரம். பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போன விதைகளின் வழி வந்த கன்றுகளில் ஒன்பதை 1877-இல் இங்கே ஊன்றினார்கள். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவின் காலம். மிஞ்சியது இது ஒன்று. பக்கத்தில் பலகை, கம்பிவேலி, அரசுப் பராமரிப்பு. வெளிநாட்டிலிருந்து வந்த இந்த மரத்துக்கு இங்கே பிறந்த ஊர், ஆண்டு, சாட்சி எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

லெங்கோங், கிரிக்

கோலகங்சாரைத் தாண்டியதும் சாலை வடக்கே ஏறத் தொடங்குகிறது. பேராக் ஆறு கொஞ்ச தூரம் கூடவே வந்து மறைந்தது. காவிரிக்கரைக்காரனுக்கு இந்த ஆற்றைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கும். எந்த மாதம் வந்தாலும் தண்ணீர் போகும் என்றார் அண்ணன், ஏதோ சாதாரண விஷயம் போல.

லெங்கோங் பள்ளத்தாக்குக் குகையொன்றில் கிடைத்த எலும்புக்கூடு பத்தாயிரம் ஆண்டுக்கும் மூத்தது. பேராக் மனிதன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். 2012-இல் இந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. "இந்த நாட்டுல ஐசி கேக்காம ஏத்துக்கிட்ட ஒரே ஆளு" என்றார் அண்ணன்.

கிரிக் ஊரில் நிறுத்தித் தே தாரேக் குடித்தோம். கிழக்கே கிளந்தானுக்குப் போகும் நெடுஞ்சாலை இங்கிருந்து தொடங்குகிறது. அதில் யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. நாங்கள் வடக்கே திரும்பினோம். காடு நெருங்கி வந்தது. வழியில் வண்டிகள் குறைந்தன. அண்ணி கட்டிய பொட்டலங்களில் ஒன்று இதற்குள் தீர்ந்திருந்தது.

பெங்காலான் ஹுலு

பழைய பெயர் க்ரோ. 1909-இல் பிரிட்டனும் சயாமும் பாங்காக்கில் உடன்படிக்கை செய்துகொள்ளும் வரை இந்த ஊரும் பக்கத்து க்ளியான் இந்தானும் சயாமுக்கு உட்பட்ட ரெமான் என்ற சிற்றரசின் கையில் இருந்தன. ஒரு கையெழுத்தில் ஊர் நாடு மாறியது. ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். அந்தப் பழைய சிற்றரசின் பெயரைத் தாங்கிய ரஹ்மான் ஹைட்ராலிக் ஈயச் சுரங்கம் க்ளியான் இந்தானில் இன்னமும் வேலை செய்கிறது. கிந்தாவில் எல்லாம் அடங்கிப்போன பிறகும் இங்கே மலையைச் செம்மண்ணாக உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சாலையில் வந்து போனவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. 1941 டிசம்பர் 8 அன்று பஞ்சாப் படைப்பிரிவின் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரை மறிக்க க்ரோவிலிருந்து எல்லை தாண்டிப் போனார்கள். பெத்தோங்குக்கு அப்பால் ஒரு மலைச்சரிவைப் பிடிப்பது திட்டம். ஜப்பானியர் முந்திக்கொண்டதால் அடிபட்டுத் திரும்பினார்கள். 1955 டிசம்பரில், மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் சின் பெங் க்ளியான் இந்தான் அருகே காட்டிலிருந்து வெளியே வந்தார். பக்கத்துப் பாலிங் ஊரில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானோடு இரண்டு நாள் சமாதானம் பேசினார். பேச்சு முறிந்து, வந்த வழியே காட்டுக்குள் போனார்.

மலேசியக் கவுண்டரில் என் கடவுச்சீட்டில் வெளியேறிய முத்திரை விழுந்தது. அண்ணனுக்கு அதுகூட இல்லாமல் வேலை சீக்கிரம் முடிந்தது. இரண்டு பக்கத்து வருகை அட்டையையும் கைப்பேசியில் முதல்நாளே நிரப்பியிருந்தோம். தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு எல்லை என்றால் வாளையார்தான். லாரிகள் நிற்கும், பலகையில் எழுத்து மாறும், அவ்வளவு. வெளிநாட்டுக்கு நடந்துபோவது என்பது நம் பக்கத்தில் கிடையாது. தமிழர்கள் அப்படிப் போய்வந்த ஓர் ஊர் மணிப்பூரில் இருக்கிறது. 1962-க்குப் பின் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் மோரேயில் தங்கி, தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். எல்லைக்கு இருபுறமும் 16 கிலோமீட்டருக்குள் வாழ்பவர்கள் விசா இல்லாமல் போய்வரலாம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. பழைய பர்மாவின் தமு சந்தைக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவார்கள். 2024 பிப்ரவரியில் அந்த ஏற்பாட்டை நீக்குவதாக இந்திய அரசு அறிவித்தது.

தாய்லாந்துக் கவுண்டரில் இருந்த இளைஞர் என்னையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரே சாயல், இரண்டு நிறத்துக் கடவுச்சீட்டு. எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். இன்றைக்கே என்றதும் முத்திரை குத்தினார்.

பெத்தோங்

எல்லையிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் கடிகாரம் ஒரு மணிநேரம் பின்னால் போய்விட்டது. 1982 பிறந்த அன்று மலேசியத் தீபகற்பம் தன் நேரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்தது. அதற்கு முன் இந்த வித்தியாசம் அரைமணிதான். எல்லைக் கதவை இரவில் சாத்திவிடுவார்கள் என்பதால் நேரத்தை மட்டும் மறந்துவிடாதே என்று அண்ணன் தன் கைக்கடிகாரத்தை மாற்றாமலே வைத்திருந்தார்.

மலைகளுக்கு நடுவே கிண்ணம் போன்ற ஊர். நடுவில் மணிக்கூண்டு. அத்தை சொன்ன தபால்பெட்டி ஆளுயரத்தையும் தாண்டி நிற்கிறது. மலேசியாவிலிருந்து வந்த குடும்பங்கள் அதன் முன் வரிசையாக நின்று படமெடுத்துக்கொண்டிருந்தன. உலகிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டார்களாம். எனக்கு அதைவிட மாலையில் மின்கம்பிகளில் வந்து அடையும் தகைவிலான்களைப் பார்க்க ஆசை. அதற்குள் கிளம்பவேண்டும்.

கடைகளில் மலேசிய வெள்ளியும் வாங்குகிறார்கள், தாய்லாந்துப் பாட்டும் வாங்குகிறார்கள். பெயர்ப்பலகையில் தாய், சீனம், மலாய் மூன்றும் இருந்தன. சாப்பிட்ட கடை சீனருடையது. பெத்தோங் கோழி என்று இந்த ஊருக்கே உரிய இனம். முழுதாக வேகவைத்து, ஆறவிட்டு, துண்டுபோட்டு, மேலே சோயாக் குழம்பு ஊற்றித் தருகிறார்கள். மிளகாய் இல்லை, மசாலா இல்லை. முதல் வாயில் எனக்கு ஏமாற்றம். நாலாவது வாயில்தான் தோலுக்கும் சதைக்கும் நடுவே உறைந்த சாறு பிடிபட்டது. கூடவே ஓடைத் தண்ணீரில் வளர்க்கிற ஒரு கீரையைப் பூண்டோடு வதக்கிக் கொடுத்தார்கள். தண்டு நறுக்கென்றிருந்தது. அதை மட்டும் இரண்டாவது தட்டு வாங்கினோம். "ஊர்ல இந்தக் கீரை கெடைக்குமா?" என்று அண்ணன் கேட்டார். ஊர் என்று அவர் சொல்வது முசிறியை. அவர் அங்கே வந்ததே கிடையாது.

சாப்பிட்டு முடித்தபின் அவராகவே சொன்னார். இந்தத் தேசத்துக்குத் தமிழர்கள் வந்தது கோழி தின்ன இல்லை. ஜப்பானியர் காலத்தில் தோட்டத்துக்கு லாரி வரும். பிரட்டுக்கு நின்றவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போவார்கள். பாடாங் பெசார் வழியாக ரயிலில் சயாமுக்கு. பர்மாவுக்கு இருப்புப் பாதை போட, 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. போன பல்லாயிரம் தமிழர்களில் திரும்பியவர் எத்தனை பேர் என்பதற்கு ஒழுங்கான கணக்கே இல்லை, ஏனென்றால் கூலிகளுக்கு யாரும் பட்டியல் வைக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை அண்ணன் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுவாராம். அவர் தாத்தா, அதாவது என் சின்னத் தாத்தா, லாரி வந்த நாளில் காய்ச்சலில் கிடந்ததால் தப்பினார்.

பியாமித்

ஊரிலிருந்து மலைப்பக்கம் கொஞ்சதூரம் உள்ளே போனால் பியாமித் சுரங்கம். 1976-இல் மலாயாக் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் கையாலேயே தோண்டியது, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். விமானக் குண்டுக்கு ஒதுங்கவும் தானியம் சேர்த்துவைக்கவும். புகை மேலெழும்பி இடத்தைக் காட்டிக்கொடுக்காதபடி அமைத்த அடுப்பைப் பார்த்தேன். போரைவிடச் சமையலுக்கு அதிகம் யோசித்திருக்கிறார்கள். இப்போது அனுமதிச் சீட்டு, படிக்கட்டு, விளக்கு, தம்படம் எடுக்கும் கூட்டம்.

1989 டிசம்பர் 2 அன்று ஹட்யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முன்னும் பின்னும் துப்பாக்கியை வைத்தவர்களுக்குத் தாய்லாந்து நிலம் கொடுத்துக் கிராமங்களாகக் குடியமர்த்தியது. அப்படிக் குடியமர்ந்தவர்கள்தான் வெளியே மூலிகையும் காளானும் தேநீரும் விற்கிறார்கள். ஒரு கடையில் இருந்த மூதாட்டியிடம் அண்ணன் மலாயில் பேச்சுக்கொடுத்தார். ஈப்போ என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேராக்கில், அவசரகால வேலிக்குள் அமைந்த ஒரு புதுக்கிராமத்தில் பிறந்தவர். இளம்பெண்ணாகக் காட்டுக்குள் வந்தவர். தங்கை இன்னமும் அங்கேதான் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம்.

எந்தக் காகிதத்தில் என்று கேட்டேன். தாய்லாந்துக் காகிதத்தில் என்று சொல்லி, அட்டையை எடுத்தே காட்டினார். காட்டைவிட்டு வந்தபின் இங்கே குடிமகளாகிவிட்டார். எங்களுக்கு இஞ்சித் தேநீர் ஊற்றித் தந்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

கட்சியின் தலைவருக்கு அது வாய்க்கவில்லை. சின் பெங் 1924-இல் பேராக்கின் சித்தியவானில் பிறந்தவர். அப்பாவுக்குச் சைக்கிள் கடை. 1989 ஒப்பந்தத்துக்குப் பின் ஊர் திரும்ப அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. நீதிமன்றம் போனார். மலேசியக் குடிமகன் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழைக் காட்டு என்றார்கள். 1948-இல் போலீஸ் சோதனையில் கைப்பற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பதில் சொன்னார். 2009-இல் கூட்டரசு நீதிமன்றமும் கைவிரித்தது. 2013 செப்டம்பர் 16, மலேசியா தினத்தன்று, பாங்காக்கில் இறந்தார். சாம்பலைக் கொண்டுவரவும் தடை சொன்னது அரசு. 2019-இல் யாரோ அமைதியாகக் கொண்டுவந்து கரைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது மறுபடி ஒரு ரகளை.

அவசரகாலத்தில் எத்தனை உயிர் போனது, யார் கொன்றார்கள் என்பதெல்லாம் பேராக்கில் இன்னும் ஆறாத கணக்கு. அண்ணனுக்கே அந்தக் கட்சிமேல் மரியாதை கிடையாது. அவர் தாய்மாமன் ஊர்க்காவல் படையில் இருந்து செத்தவர். இருந்தாலும் சுரங்கத்தைவிட்டு வெளியே வரும்போது என்னிடம் சொன்னார்: "சுட்டவனுக்கும் சர்ட்டிபிகேட் இல்லை, மரம் வெட்டினவங்களுக்கும் சர்ட்டிபிகேட் இல்லை. ஒரே மாதிரி கேக்கறான் பாரு."

திரும்பும் வழி

மலேசியப் பக்கத்துக் கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண். என் கடவுச்சீட்டை நிதானமாகப் புரட்டினார். காலையில் வெளியே போன முத்திரை மேலேயே அவர் விரல் நின்றது. எதற்குப் போனீர்கள், எங்கே தங்கியிருக்கிறீர்கள், இந்தியாவுக்கு எப்போது திரும்புகிறீர்கள். திரும்பும் விமானச் சீட்டைக் கைப்பேசியில் காட்டினேன். பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்து, உறவா என்று கேட்டார். தம்பி என்றார் அண்ணன். தோசைக்கடை இளைஞர் சொன்னது முழுக்க உண்மை: அந்த நிமிடத்தில் எனக்கு எந்தப் பாஸும் இல்லை, அந்த அம்மாளின் விருப்பம் மட்டும்தான் இருந்தது. முத்திரை விழுந்தது. அன்றிலிருந்து மறுபடி முப்பது நாள்.

"ஒரு கோழிக்கு ஒரு மாசம் லாபம்" என்றார் அண்ணன் வண்டியில் ஏறியதும்.

கிரிக்கில் ராத்திரிச் சாப்பாடு. ரொட்டி சானாயும் மீன் குழம்பும். கடையில் தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேதான் அத்தையின் குடியுரிமைக் கோப்பு பற்றி அண்ணன் விவரமாகச் சொன்னார். 2018-இல் அன்றைய அரசு, சிவப்பு ஐசி வைத்திருக்கும் அறுபது வயது கடந்த 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்போவதாக அறிவித்தபோது லயத்தில் இனிப்பு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அத்தை பெயர் இல்லை. தனியாக மனுப்போட்டு, நிராகரிப்பு வந்தது. காரணம் எழுதவில்லை. மறுபடி போட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் 2024 அக்டோபரில் நாடாளுமன்றக் கீழவை அரசியல் சட்டத்தின் குடியுரிமைப் பிரிவுகளைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு அதில் நல்லது நடந்தது. அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிட்டது. அத்தைக்கு இனிப் பிள்ளை பிறக்கப்போவதில்லை. ஆனால் லயத்தில் வேறு சிவப்பு அட்டைகளும் இருக்கின்றன.

இப்போது பதிவிலாகா கேட்பது, அவர் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார் என்று சத்தியப் பிரமாணம் செய்ய ஓர் ஆள். தோட்டத்துப் பதிவேடு கம்பெனி கைமாறியபோதே போய்விட்டது. மருத்துவச்சி செத்து ஐம்பது வருஷம்.

"சாட்சி சொல்றவங்க அத்தையைவிட மூத்தவங்களா இருக்கணும். தெரிஞ்சவரு ஒருத்தர் இருக்காரு, தைப்பிங்குல. தொண்ணூறு வயசு. பழைய தண்டல். நல்லா பேசுறாரு, ஆனா மூணு நாளைக்கு ஒருதடவைதான் ஞாபகம் சரியா இருக்கு." ரொட்டியைக் குழம்பில் தோய்த்தார். "செவ்வாய்க்கெழமை அவரைக் கூட்டிக்கிட்டுப் பதிவிலாகாவுக்குப் போகணும். காடியில ஏத்தி எறக்க ஒரு ஆள் வேணும். நீ வர்றியா?"

வருகிறேன் என்றேன்.

"காலைல ஏழு மணி. பசியாறிட்டு வந்துடு, அங்க ரொம்ப நேரம் உக்கார வைப்பான்."